ரிஜிஸ்டர் ஆன இடத்தில் வீடு கட்ட முடியுமா?

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் மனை விலை ஏற ஏற, வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில் இடம் தேடுகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் வீட்டுப் பிளான் வரைந்து பஞ்சாயத்து பெர்மிட்டுக்குக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலானோர் பணத்தை முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

"ரிஜிஸ்டரே ஆயிருச்சுங்களே, அப்புறம் வீடு கட்ட என்னங்க தடை?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் அது நியாயமான கேள்வியே. 2016 அக்டோபருக்குப் பின் அங்கே அங்கீகாரமில்லாத புது மனையைப் பத்திரம் பதிய முடியாது. கேரளத்தில் கதை வேறு. நெல்வயலை நெல்வயலாகவே விற்கலாம், வாங்கலாம். ஆதாரம் (கிரயப் பத்திரம்) பதிவாகும், வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு என்கிற பெயர் மாற்றம் முடிந்து உங்கள் பெயரில் கரம் (நில வரி) கட்டிய ரசீதும் வரும். இத்தனையும் நீங்கள் உரிமையாளர் என்று மட்டுமே சொல்கின்றன. அதில் வீடு கட்டலாமா என்பதைச் சொல்வது வேறு ஏடு.

2008 ஆகஸ்ட் 12 முதல் நடப்பில் உள்ள கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் டேட்டா பேங்க் என்ற நெல்வயல், நீர்நிலப் பட்டியல் உண்டு. உங்கள் சர்வே நம்பர் அதில் இருந்தால் பஞ்சாயத்து பெர்மிட் தராது. கிருஷி பவனில், அதாவது பஞ்சாயத்து வேளாண் அலுவலகத்தில் கேட்டால் பட்டியலைக் காட்டுவார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது வில்லேஜ் ஆபீஸ் அடிப்படை வரிப் பதிவேடு. அதில் நில வகை 'புரயிடம்' (வயலல்லாத மேட்டு இடம்) என்றிருந்தால் நல்லது. 'நிலம்' என்றிருந்தால் வயல் என்று அர்த்தம். ரசீதில் அந்தச் சொல்லைப் பார்த்து நம்மவர்கள் சந்தேகமே படாமல் போய்விடுகிறார்கள்.

தென்னை நிற்கிறதே என்று புரோக்கர் காட்டுவார். தென்னையை நம்பாதீர்கள். வயலில் வரப்பு வெட்டி நட்ட கன்றும் பத்து வருடத்தில் தோப்பாகத்தான் தெரியும். 2008க்கு முன்பே அது வயலல்லாத இடமாக மாறிவிட்டது என்று நிரூபிக்க முடிந்தால் வழி இருக்கிறது. டேட்டா பேங்கில் தவறாகச் சேர்ந்திருந்தால், அதிலிருந்து நீக்கக் கேட்டு வருவாய்த் துறைக்கு ஐந்தாம் படிவத்தில் மனு. அந்த ஆண்டு இடம் எப்படி இருந்தது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்தே பார்ப்பார்கள். பட்டியலில் இல்லை, ஆனால் பதிவேட்டில் வயல் என்றால், நில வகையை மாற்றக் கேட்டு ஆறாம் படிவம். 50 சென்ட்டுக்கு மேல் போனால் ஏழாம் படிவம்.

இப்படி வகை மாற்ற 25 சென்ட் வரை கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் 2017 டிசம்பர் 30 அன்றே அது 25 சென்ட்டுக்குள் இருந்த துண்டாக இருந்திருக்க வேண்டும். போன வருடம் இரண்டு ஏக்கரை ஐந்தைந்து சென்ட்டாக வெட்டி விற்றவரிடம் வாங்கினால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. "பத்து சென்ட்தானேங்க, வீட்டுக்கு விட்ருவாங்க" என்பதும் அரைகுறைப் பேச்சு. அந்த வழி, மாவட்டத்தில் வீடு கட்ட வேறு இடமே இல்லாத வயல்காரருக்காக வைத்தது. அவர் குடியிருக்க மட்டும்தான். சுற்றிலும் வயல் சூழ்ந்த இடம் என்றால் அதுவும் கிடையாது.

காகிதம் சரியாக இருந்தாலும் மண்ணைப் பாருங்கள். கேரளத்திலேயே கரிசல் உள்ளது எங்கள் தாலுகாவில்தான். எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் பங்குனி, சித்திரையில் போனால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்ததும் ஊதி, வெயிலில் மறுபடி சுருங்கும் இந்த மண்ணின் மேல் மூன்றடி வாணம் தோண்டிக் கருங்கல் கட்டினால், சில வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகப் பிளக்கும். கோடையில் ஆறடிக் குழி எடுத்து, கரிசல் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். ஊதும் தன்மையை ஆய்வகத்தில் அளக்கலாம். சலித்த மண்ணை ஒரு ஜாடியில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவைத்து ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 50 சதவீதம் தாண்டினால் சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிடுங்கள். கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை போக வேண்டும். அது எட்டாத ஆழமென்றால், அடியில் குமிழ் விரிந்த கான்கிரீட் தூணான அண்டர் ரீம்டு பைல் போட்டு மேலே கான்கிரீட் பீம். தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் கிராவல் நிரப்ப வேண்டும். இந்தச் செலவைச் சேர்த்தால் மலிவாகக் கிடைத்த இடத்தின் விலை வேறு மாதிரித் தெரியும். மண் கொட்டி மேடாக்கிய மனையில் நான் இன்னும் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். கொட்டிய மண் தானாக அமுங்கும். அடியில் இருப்பது வயலா என்ற கேள்வியும் வரும்.

அளவிலும் கவனம் வேண்டும். புரோக்கர் சென்ட்டில் பேசுவார், ஆதாரத்தில் அளவு 'ஆர்' என்ற அலகில் இருக்கும். ஒரு ஆர் 2.47 சென்ட். ரீசர்வே (மறு அளவை) நடந்த கிராமத்தில் பழைய சர்வே எண்ணையும் புது எண்ணையும் முன்னாதாரத்தோடு (முந்தைய பத்திரத்தோடு) ஒத்துப் பார்க்காமல் விடாதீர்கள். மனைக்குப் போகும் வழி யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். போர்வெல் போடுவதற்கும் முன்னனுமதி வேண்டும். சித்தூர் பிளாக் நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு உள்ள பகுதி.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கராரில் (ஒப்பந்தத்தில்) ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: டேட்டா பேங்கில் இந்த சர்வே நம்பர் இருப்பது தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்று. விற்பவர் அதற்குத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.