எண்ணெய் வேறு, ஈரம் வேறு

இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது ஆள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். நெற்றியும் மூக்கும் பளபளவென்று மின்னுகின்றன. வாயோரத்திலோ தோல் செதில் செதிலாக உரிந்து, அதற்குள் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடக்கிறது. போன மாதம் பருவுக்கு அடாபலீன் என்ற பூச்சு மருந்து எழுதியபோதே மாய்ஸ்சரைசரும் எழுதியிருந்தேன். வாங்கவே இல்லை. தினமும் ஆறு தடவை சோப்பு போட்டு முகம் கழுவுகிறாளாம். "இவளுக்கு ஏற்கெனவே எண்ணெய் வழியுது டாக்டர், இதுல கிரீம் வேறயா?" என்கிறார் அம்மா.

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வழிவது எண்ணெய்ச் சுரப்பிகள் சுரக்கும் சீபம். ஈரம் என்பது மேல்தோலுக்குள் இருக்கும் தண்ணீர். பிசுபிசுக்கும் முகத்திலும் அந்தத் தண்ணீர் வற்றும். சாதாரண சோப்புக்கட்டியின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9, 10 வரை போகும். நம் தோலுடையது 5-ஐ ஒட்டி இருக்கும். ஆறு தடவை தேய்த்தால் தோல் என்னதான் செய்யும்? சுரப்பியோ சோப்புக்கு அடங்காது, அதை ஆட்டுவிப்பவை ஹார்மோன்கள். வழித்தெடுத்த எண்ணெய் சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். வறண்டு வெடித்த தோல் அப்படிச் சீக்கிரம் தேறாது. அப்புறம் எரிச்சல் தாங்காமல், "மருந்து ஒத்துக்கல" என்று பரு மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே அதில்தான்.

சரி, எந்த மாய்ஸ்சரைசரை வாங்குவது? ஜெல் வடிவில், 'மேட் ஃபினிஷ்' (பளபளக்காதது) என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதிலுள்ள சிலிக்காவோ ஸ்டார்ச்சோ எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், சுரப்பதை நிறுத்தாது. மதியத்துக்கு மேல் மறுபடி மின்னினால் கிரீமைக் குறை சொல்லாதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நியாசினமைடு இருந்தால் நல்லது, எண்ணெய்ப் பசையை ஓரளவு குறைக்கும். கிளிசரின் கட்டாயம் இருக்கட்டும், ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். தோலை உலர்த்தும் 'ஆல்கஹால் டீனாட்' (Alcohol Denat.) பொருள் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சீட்டைல் ஆல்கஹாலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெயர்தான் அப்படி. அது தோலை உலர்த்தாது. 'நான்-காமெடோஜெனிக்' (தோல் துளைகளை அடைக்காதது) என்ற வார்த்தையைத் தேடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முகம் முழுக்கப் பூசாதீர்கள். தாடையோரம் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தலைக்கு இருக்கட்டும், பரு வரும் முகத்துக்கு வேண்டாம்.

காலையிலும் இரவிலும் மட்டும், சோப்பில்லாத மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவுங்கள். பரு மருந்து எரிந்தால் தூக்கிப் போட வேண்டாம்: முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்ததும் மருந்து, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முகம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரில் வாருங்கள்.