“விளங்குதோ?” “ஓம் சேர்!”: வகுப்பறையில் தன்னம்பிக்கை உருவாகும் விதம்

தீவகத்திலோ வலிகாமத்திலோ ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, யாழ் நகரப் பாடசாலையொன்றில் தரம் 6இல் சேருகிறது. ஊரில் முதலாம் பிள்ளை. இங்கே முதல் தவணை முடிவில் இருபத்தெட்டாம் பிள்ளை. அறிவில் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனாலும் “எனக்குக் கணக்கு ஓடாது” என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேர்ட் மார்ஷ் 1980களில் இருந்து ஆராய்ந்த விடயம் இது. ஒரே அளவு திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர் நிறைந்த பாடசாலையில் படிப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிடும் போக்கு உண்டு. தன்னை அளக்கும் கோலைப் பிள்ளை பக்கத்து வாங்கிலிருந்து எடுக்கிறது.

பெறுபேறு வந்ததும் வீதிக்கு வீதி பனர் கட்டும் நகரத்தில் இந்த ஒப்பீட்டை நிறுத்த முடியாது. இன்னொரு அளவுகோலைக் கையில் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அது என்ன என்பதற்கு உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் விடை தந்தார். ‘இந்த வேலை என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, நெஞ்சுப் படபடப்புப் போன்ற உடல்நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் ஊக்க வார்த்தையால் வந்த நம்பிக்கை முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும். நாம் தாராளமாகச் செலவழிப்பதோ அந்த வார்த்தையைத்தான். இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை வேறுபடும் என்பதையும் மறக்கக்கூடாது. பேச்சுப்போட்டியில் வெல்லும் பிள்ளை பின்னக் கணக்கைக் கண்டு நடுங்கலாம்.

அந்தப் பின்னக் கணக்கையே எடுப்போம். 2/3 + 1/4 என்று கொடுத்தால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கூட்டி 3/7 என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். ஆசிரியர் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, பக்கத்தில் 11/12 என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: சரி பிழை சொல்வது சேரின் வேலை. அதற்குப் பதிலாக, “2/3 அரையை விடக் கூடவோ குறையவோ? 3/7?” என்று கேட்டுப் பாருங்கள். 2/3 அரையை விடக் கூட. ஏழின் பாதி மூன்றரை, ஆகவே 3/7 அரையை விடக் குறைவு. கூட்டிய பிறகு, முதலில் இருந்ததை விடக் குறைந்துபோயிற்று! தன் விடை பிழை என்பதைப் பிள்ளை தானே பிடித்துவிட்டது. பிழையைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த கணக்கைத் தொடப் பயம் குறையும்.

அடுத்த கணக்கு எது என்பதிலும் கவனம் வேண்டும். 1/4 + 2/4 முதலில். பிறகு ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டிய 1/2 + 1/4. பிறகு இரண்டையும் மாற்ற வேண்டிய 1/2 + 1/3. அதன் பின்னரே 2/3 + 1/4: பொது மடங்குகளுட் சிறியது 12, எனவே 8/12 + 3/12. 40 நிமிடப் பாடவேளைக்கு இப்படி ஐந்து கணக்குகள் தாராளம். பயிற்சியின்போது விடைகளில் ஏறக்குறைய 80 வீதம் சரியாக வருவது பொருத்தமான அளவு என்று கல்வி ஆய்வாளர் பராக் ரோசன்சைன் எழுதினார். ஐந்தும் சரியென்றால் கணக்கு இலகு, இரண்டுதான் சரியென்றால் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளிடம் 42 பக்கக் கழித்தல் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் என்று இலக்கு வைத்தவர்கள், 42ஐயும் ஏழு அமர்வு முடிவதற்குள் முடி என்று சொல்லப்பட்டவர்களை விட, கணக்கிலும் நம்பிக்கையிலும் முன்னுக்கு நின்றார்கள்.

தானே செய்யாமல் வரும் நம்பிக்கையும் உண்டு. அது பொல்லாதது. ரியூசன் மண்டபத்தில் நூறு பேர் இருக்க, சேர் பலகையில் மளமளவென்று செய்து முடிப்பார். “விளங்குதோ?” “ஓம் சேர்!” வீட்டை போனால் கதை வேறு: “சேர் செய்யேக்க விளங்கினது, இப்ப வருகுதில்லை.” பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏற்படும் பரிச்சயத்தை மூளை அறிவென்று எடுத்துக்கொள்கிறது. மருந்து இலகுவானது. பலகையை அழித்துவிட்டு, எண்களை மட்டும் மாற்றி, அதே வகைக் கணக்கொன்றைக் கொப்பி பார்க்காமல் செய்யச் சொல்ல வேண்டும். ‘ஓம் சேர்’ எத்தனை பேருடையது என்பது மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்ட பிறகு வரும் மௌனமும் ஒரு கருவி. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தது தெரிந்தது. அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை விடை சொன்ன பிறகும் அதேபோல மூன்று செக்கன் பொறுக்க வேண்டும். உடனே “சரி, இரு” என்றால் சொல்ல வந்த மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

இனி ஆசிரியர் பக்கம். கல்வி ஆய்வாளர் கரல் மிட்ஜ்லியும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, கணித ஆசிரியர் மாறும்போது பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தது. தன் கற்பித்தலில் நம்பிக்கையுள்ள ஆசிரியரிடமிருந்து நம்பிக்கை குறைந்தவரிடம் போன பிள்ளைகள் தம்மீது வைத்திருந்த எதிர்பார்ப்பும் இறங்கியது. பின்தங்கிய பிள்ளைகளில் அது இன்னும் கூட.

ஆசிரியரின் நம்பிக்கைக்கும் பண்டூரா காட்டிய அதே நான்கு ஊற்றுகள்தான். பயிற்சிக் காலத்தில் ஏறும் நம்பிக்கை, முதல் நியமனத்தின் முதல் வருடத்தில் இறங்குவதைக் கல்வி உளவியலாளர் அனிதா வூல்ஃபோக் ஹோய் காட்டியிருக்கிறார். அந்த வருடத்தில் நமது ஆசிரியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கருத்தரங்கும் மேற்பார்வையும். மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால் ஏற்கெனவே படிப்பித்த பாடத்தையே திரும்பப் படிப்பிப்பது பழைய தந்திரம். அதில் யாரும் எதையும் கற்பதில்லை.

ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, படிப்பிப்பதைப் பார்த்துத் திருத்தும் ஜப்பானியப் பாட ஆய்வு முறையின் சிறு வடிவமொன்று இங்கு சாத்தியம். ஒரே தரத்தின் இரு பிரிவுகளுக்குப் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட வேண்டும். முதலாமவர் படிப்பிக்கும்போது மற்றவர் பின்வாங்கில் பத்து நிமிடம் இருந்து ஐந்து கொப்பிகளை மட்டும் பார்க்கலாம்: எந்த வரியில் பேனை நின்றது? ஆசிரியரின் குரல், சேலை, பலகை எழுத்து பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்தில் மூன்று பேர் 12ஐக் கண்டுபிடித்த பிறகு தொகுதியை மாற்ற மறந்திருந்தால், அந்த இடத்துக்கு ஒரு இடைக்கணக்கைச் சேர்த்து, மறுநாள் மற்றப் பிரிவில் இரண்டாமவர் படிப்பிக்கலாம். தன் மாற்றத்தால் கொப்பியில் வித்தியாசம் தெரிவதைக் காணும்போது ஆசிரியருக்குக் கிடைப்பது முதலாவது ஊற்று: தானே செய்து முடித்த அனுபவம்.

இது குழம்புவது பெரும்பாலும் நேரசூசியில். ஓய்வுப் பாடவேளை, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பதில் போய்விடும். எனவே இருவரின் ஓய்வும் ஒன்றாக வரும் ஒரு பாடவேளையையும், ஒருவர் படிப்பிக்க மற்றவர் ஓய்வாக இருக்கும் ஒரு பாடவேளையையும், வாரத்துக்கு ஒருமுறையாவது வேறு எதற்கும் எடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். அதை நேரசூசி போடும் நாளிலேயே அதிபரிடம் கேட்டுவிடுவது நல்லது.