மதியம் செடி வாடினால் உடனே குழாயைத் திறக்காதீர்கள்

இந்த மாதம் இது ஐந்தாவது வீடு. சென்னையில் ஒரு மொட்டை மாடி, இருபது பைகளில் கத்தரிச் செடி. நான் போனது காலை ஏழு மணிக்கு. அப்போதே பாதிக்கு மேல் தலை தொங்கிக் கிடந்தன. "ஒரு நாளைக்கு மூணு தடவை ஊத்துறேன் சார், அப்படியும் காயுது" என்றார் அந்த வீட்டு அம்மா. ஒரு செடியை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பாகி, தோல் உரிந்து, நாறியது. தண்ணீர் இல்லாமல் வாடிய வேரில் அந்த நாற்றம் வராது.

கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னாலும் ஜூன் வெயில் விடுவதில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை செடி வாடத்தான் செய்யும். சுரை, பூசணி, பீர்க்கு போன்ற அகல இலைக் கொடிகள் இன்னும் அதிகமாகத் துவளும். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை விடும் வேகம் அதிகம், அவ்வளவுதான். அடியில் ஈரம் இருந்தாலும் வாடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் அதற்குத் தாகம் இல்லை.

விடிகாலையிலும் வாடியே இருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள். இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். ஈரம் இருந்தும் வாடுகிறதா? வேரழுகல், இல்லையென்றால் வாடல் நோய். ஊற்ற ஊற்றச் சீக்கிரம் போய்விடும். தென்னை நார்க்கழிவு போட்ட பைகளில் ஏமாந்துபோவது ரொம்பச் சுலபம். மேலே வெளிறிக் காய்ந்து தெரியும், கீழே பிழிந்தால் சொட்டும். பையைத் தூக்கிப் பாருங்கள், கனமே சொல்லிவிடும்.

மதியம் ஊற்றுகிறவர்கள் குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்ததுண்டா? வெந்நீர். அதையா வேருக்கு ஊற்றுவது?

தக்காளியில் பூ கொட்டுகிறது என்று உரம் அள்ளிப் போடாதீர்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்பது கஷ்டம். யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, மாலை ஐந்துக்குப் பிறகு மட்டும். காலை பத்து மணிக்கு அடித்துவிட்டு, கருகிய இலையை "நோய் பரவிடுச்சு" என்று போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே மருந்து வாங்கப் போகாதீர்கள். பைகளைத் தளத்தில் அப்படியே வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். மேலே காய்ந்த இலை மூடாக்கு, முடிந்தால் 50 சதவீத நிழல் வலை.

அந்த அம்மாவின் இருபதில் எட்டுச் செடிக்கு வேர் இன்னும் வெள்ளையாக இருந்தது. பைகளில் அடைத்திருந்த வடிகால் துளைகளைக் குத்திவிட்டு, இரண்டு நாள் தண்ணீரே காட்ட வேண்டாம் என்று கெஞ்சிச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் போன். "வாடுது சார், கொஞ்சமா ஊத்தட்டுமா?"

"ஆறு மணி வரைக்கும் பொறுங்கம்மா" என்றேன்.

ஆறரைக்குப் படம் அனுப்பினார். எட்டும் நிமிர்ந்து நின்றன.