ரெக்கார்டிங்கில் இரைச்சலா? அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்

ஒரு லேப்டாப், ஒரு மைக், நடுவில் யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி. இன்றைக்கு வீட்டு ஸ்டுடியோ என்றால் இவ்வளவுதான். ஆசையாகப் பாடிப் பதிந்துவிட்டுக் கேட்டால் அடியில் ஒரு ‘ம்ம்ம்’, நடுநடுவே ‘டிக் டிக்’, சுதி ஏறும் இடத்தில் குரல் கிழிகிறது. உடனே பலரும் செய்கிற முதல் காரியம், புது மைக்குக்கு ஆர்டர் போடுவது. என் கணக்கில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

குரல் மைக்கில் மின்னழுத்தமாகிறது, இண்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் என்ற சுற்றில் பெரிதாகிறது, அப்புறம் எண்களாக மாறி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, இண்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற டிரைவர் மென்பொருளைத் தாண்டி, டிஸ்க்கில் போய் உட்காருகிறது. இந்த வழியில் கோளாறு எங்கே நுழைந்தாலும் அலையில் தன் தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதைப் பார்க்க ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள் போதும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அலை விரியும், விடாமல் உருட்டினால் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பிரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருந்தால் வினாடிக்கு 48,000 புள்ளிகள்.

முதலில் யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் வெறும் அமைதியைப் பதிந்து, அதை நன்றாகப் பெரிதாக்குங்கள். சரியாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை அலை ஏறி இறங்கினால் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது நம் வீட்டுக் கரண்ட். 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை கூர்மையான முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றால், மின்சாரத்தை அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெட்டுகிற ஏதோ ஒன்று பக்கத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். டிரையாக் என்கிற மின்னணு ஸ்விட்ச் வைத்த ஃபேன் ரெகுலேட்டரும் லைட் டிம்மரும் இதில் பேர் போனவை. வினாடிக்கு 100 தடவை மின்சாரத்தைச் சட்டென்று திறந்துவிடுகிறபோது எழும் கூர்மையான விளிம்பு, சரியான கவசம் இல்லாத மைக் வயருக்குள் எளிதாகப் புகுந்துவிடும். கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. எப்படியும் ஃபேன் காற்று மைக்கில் விழும் என்பதால் பதியும் நேரத்துக்கு ஃபேனை நிறுத்துவதே நல்லது. வியர்க்கும், வேறு வழியில்லை.

ஃபேனை நிறுத்தியும் உறுமல் போகவில்லையா, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு தடவை பதிந்து பாருங்கள். உறுமல் சட்டென்று நின்றால் பிரச்சினை எர்த்தில். மூன்று முள் சார்ஜரோடு லேப்டாப் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயரோ மிக்ஸரோ இன்னொரு பிளக்கில், இரண்டையும் ஒரு ஆடியோ வயர் இணைக்கிறது என்றால், எர்த் வழியாக ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் இடையே இருக்கிற துளி மின்னழுத்த வித்தியாசம் அந்த வளையத்தில் ஓடி, ஆடியோவோடு கலந்து உறுமலாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும். இரண்டு முள் சார்ஜரின் கதை வேறு. அதில் எர்த்தே கிடையாது, லேப்டாப்பின் உலோக உடம்பு அந்தரத்தில் மிதக்கிறது, தொட்டால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும், தொட்டதும் உறுமல் குறையவும் செய்யும். ஒன்று மட்டும் வேண்டாம்: உறுமலை நிறுத்துகிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது.

இதே அமைதியில் 1 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தால் கரண்டைத் திட்டாதீர்கள். அது 1 கிலோஹெர்ட்ஸ், யூஎஸ்பியின் நாடித்துடிப்பு. யூஎஸ்பியில் தகவல் 1 மில்லிவினாடிக்கு ஒரு கட்டாகப் போகிறது (வேகமான வகையில் அதுவே எட்டாகப் பிரிந்து 8 கிலோஹெர்ட்ஸ் ஆகும்), இண்டர்ஃபேஸுக்கான கரண்டும் அதே வயரில்தான் வருகிறது. பெட்டியின் உள்ளே வடிகட்டும் சுற்று சரியில்லை என்றால் அந்தத் துடிப்பு மெல்லிய விசிலாக ஆடியோவில் ஏறிவிடும். வேறு போர்ட், குட்டை வயர், தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது ‘டிக் டிக்’. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த ‘டிக்’ விழுந்த இடத்தைப் புள்ளி தெரியும் அளவுக்கு விரித்துப் பார்த்தால், வழவழவென்று போய்க்கொண்டிருந்த வளைவு ஒரே இடத்தில் மலைச்சரிவு மாதிரி செங்குத்தாக விழுந்து, வேறொரு உயரத்திலிருந்து எதுவுமே நடக்காதது போலத் தொடரும். நடுவில் சில நூறு புள்ளிகள் காணாமல் போயிருக்கின்றன. மைக்குக்கும் மைக் வயருக்கும் இதில் சம்பந்தமே இல்லை. புள்ளிகள் தொலைந்தது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்.

காரணம் பஃபர், அதாவது வந்து சேர்கிற சாம்பிள்களைக் கம்ப்யூட்டர் எடுக்கும்வரை பிடித்து வைக்கிற தற்காலிக இடம். குழாயடியில் இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிப்பது போலத்தான் இது. ஒரு குடம் நிறைவதற்குள் இன்னொன்றை வீட்டில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து குழாயடியில் வைத்தாக வேண்டும், தாமதித்தால் தண்ணீர் தரையில். குழாய் உங்களுக்காக நிற்காது. குடத்தின் அளவுதான் பஃபர் அளவு. 64 சாம்பிள் என்று வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் 1.3 மில்லிவினாடிக்கு ஒரு குடம் நிறையும், அதாவது கம்ப்யூட்டர் வினாடிக்கு 750 தடவை வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு தடவை வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ ப்ராசசரை 2 மில்லிவினாடி பிடித்து வைத்துக்கொண்டால் போதும், ஒரு ‘டிக்’ விழுந்துவிடும். 512 என்று வைத்தால் 10.7 மில்லிவினாடி அவகாசம், மூச்சு விட இடம் கிடைக்கிறது.

அப்படியானால் எப்போதும் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். பாடுகிறவர் தன் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுகிறார். குரல் உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர ஒரு பஃபர், 512 வைத்தால் இவை மட்டுமே 20 மில்லிவினாடியைத் தாண்டும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும், ஆகவே இது உங்கள் குரலை நீங்களே ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். தாளம் வழுக்கும். தாமதம் 200 மில்லிவினாடி அளவுக்குப் போனால் நன்றாகப் பேசுகிறவருக்கே நாக்கு குழறும், இது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். விண்டோஸில் பொதுவான டிரைவரை விட்டுவிட்டு இண்டர்ஃபேஸோடு வருகிற ஏசியோ டிரைவரைப் போட்டால், நடுவில் நிற்கிற விண்டோஸின் கலவைப் பகுதி விலகிப் பாதை குறுகும். ஸ்டெயின்பெர்க் 1997இல் கொண்டுவந்த இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான ஸ்டுடியோ மென்பொருளில் ஓடுகிறது. அதைவிட எளிது, பல இண்டர்ஃபேஸ்களில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான்: குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதை அழுத்திவிட்டு பஃபரை 512க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், தாமதமும் இல்லை, டிக்கும் இல்லை. அதற்கு மேலும் டிக் விழுந்தால் வைஃபையை அணைத்துவிட்டு, பேட்டரி சிக்கன முறையை மாற்றிவிட்டுப் பாருங்கள். எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்க லேட்டன்சிமான் என்ற கருவியும் இருக்கிறது.

குரல் கிழிவது இதைவிட எளிய விஷயம். விரித்துப் பார்த்தால் அலையின் தலை கத்தரித்தாற்போலத் தட்டையாக இருக்கும். தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் துப்பு. உச்சக் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால் கெயின், அதாவது ப்ரீஆம்ப் ஒலியைப் பெரிதாக்குகிற அளவு, அதிகம். உச்சத்துக்கு ரொம்பக் கீழே, பாதி உயரத்திலேயே தட்டையாக இருந்தால், அது எண்ணாக மாறுவதற்கு முன்பு ப்ரீஆம்ப்பிலோ மிக்ஸரிலோ கிழிந்து, பின்னால் யாரோ சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். மென்பொருளில் எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தலை திரும்ப முளைக்காது. 24 பிட்டில் பதிந்தால் ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று கணக்கில் 144 டெசிபல் இடம் இருக்கிறது, அதனால் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழேயே தாராளமாகப் பதியலாம்.

அலையைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டு மட்டும் சோம்பலாக, முக்கால் கட்டைக்குக் கிட்ட சுதி இறங்கிக் கேட்கிறதா? 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை எங்கேயோ 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 வினாடி ஆகும். பாட்டுக்குப் பின்னால் இருக்கிற தம்பூரா மட்டும் போகப் போக மங்கிக் காணாமல் போகிறது என்றால், கம்ப்யூட்டரின் இரைச்சல் நீக்கும் வசதி அதைத் தின்றுகொண்டிருக்கிறது. மாறாமல் ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல்தான்! விண்டோஸ் ஒலி அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கையும் சேர்த்துத் திறந்தால் பெரும்பாலானவை போன் அழைப்பு முறைக்கு மாறி, வினாடிக்கு 8,000 அல்லது 16,000 சாம்பிளுக்கு இறங்கிவிடும். பதிவுக்கு அது ஆகாது, வயர் ஹெட்போன்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு, எந்த ஒழுங்கும் இல்லாமல் புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று மட்டும் கேட்டால், அது ப்ரீஆம்ப்பின் சொந்த இரைச்சல். கெயினைத் திருகத் திருக அதுவும் கூடவே ஏறும். மைக்கை வாயிலிருந்து 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்குக் கொண்டுவாருங்கள், குரல் 6 டெசிபல் கூடும், அந்த அளவுக்குக் கெயினை இறக்கலாம். நெருங்கினால் குரலில் அடிச் சத்தம் கொழுக்கும். மைக்கிலோ இண்டர்ஃபேஸிலோ 80 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டுகிற லோ-கட் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.