இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, அப்புறம் என்ன?

போன ஐப்பசியில் ஒரு இரவு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக வேண்டிய விமானத்துக்கு நான்தான் கேப்டன். பழுதுகளை எழுதிவைக்கும் பதிவேடான டெக் லாக்கைப் புரட்டினேன். முன்னால் இருக்கும் மழைமேகத்தைக் காட்டும் வெதர் ரேடார் வேலை செய்யவில்லை, பழுதுபார்ப்பு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. பகலில் அதை எழுதியபோது வழியில் வானம் தெளிவு. இரவு அறிக்கையிலோ வங்கக் கடல் முழுக்க இடிமேகம். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பயணிகளில் மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கோபமாகக் கேட்டார்: “இன்ஜினீயரே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஓட்டுறதுதானே தம்பி உங்க வேலை?”

இதே கேள்வியை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேனோ! படித்தவர்களும் கேட்கிறார்கள். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். எந்தெந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம், என்ன நிபந்தனையில் பறக்கலாம் என்று எம்.இ.எல். என்ற பட்டியல் இருக்கிறது. ‘பி’ வகைப் பழுது என்றால் 3 நாள், ‘சி’ என்றால் 10 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். பட்டியலில் இருப்பது அனுமதி, கட்டளை இல்லை. இந்தப் பழுதோடு பறக்க விதி இடம் தருகிறது என்பதுதான் இன்ஜினீயரின் கையெழுத்துக்குப் பொருள். இன்று இரவு, இந்த மழையில், இந்த வழியில் போகலாமா என்பதற்குக் கேப்டன்தான் பதில் சொல்ல வேண்டும். விமானம் பறக்கத் தகுதியானது என்று கேப்டனுக்குத் திருப்தி இல்லாமல் புறப்படக் கூடாது என்று சர்வதேச விதியே சொல்கிறது. நாகப்பட்டினத்தில் படகு எடுப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்ஜின் ஓடுகிறது என்பதற்காக எந்தக் காற்றிலும் அவர் கடலுக்குள் போவாரா?

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். புறப்படப் போன விமானத்தில் வெப்பநிலை உணரியின் சூடேற்றி தரையிலேயே சூடாகிறது என்று திரும்பி வந்தார்கள். பட்டியலைப் பார்த்து, அதன் மின் இணைப்பைத் துண்டித்து, மறுபடி அனுப்பினார்கள். ஏற்கெனவே தாமதம். அந்த அவசரத்தில், மேலெழும்ப உதவும் இறக்கையின் ஃபிளாப்பை இறக்க விட்டுப்போனது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. 154 பேர் இறந்தார்கள். பழுது சின்னதுதான். ஆனால் அது ஏன் வந்தது என்று யாரும் தேடவில்லை.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சி வானில் ஒரு விமானம் இரண்டரை மணி நேரம் வட்டமடித்ததை டெல்டாவே டிவியில் பார்த்துப் பதறியது. அது மேலே போன பிறகு வந்த ஹைட்ராலிக் கோளாறு, பத்திரமாக இறங்கினார்கள். மேலே போனபின் நிறுத்திப் பார்க்க இடமில்லை. தரையில் இருக்கிறது.

இளம் கேப்டன்களே, டெக் லாக்கை நீங்களே படியுங்கள். முந்தைய பக்கங்களையும் புரட்டுங்கள்; ஒரே ஸ்நாக் (பழுது) மூன்று முறை வந்திருந்தால் அது தீரவில்லை என்று அர்த்தம். போர்டிங் தொடங்குமுன் முடிவெடுங்கள், ஆட்கள் உட்கார்ந்தபின் மறுப்பது பத்து மடங்கு கஷ்டம். போனில் வரும் ‘பார்த்துக்கலாம் கேப்டன்’ எதையும் ஏற்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். கோ-பைலட் தயங்கினால் வாயை அடைக்காதீர்கள்.

பயணிகளே, தாமதமானால் சாப்பாடு கேளுங்கள், மாற்று விமானம் கேளுங்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எல்லாம் உங்கள் உரிமை. ஆனால் “எப்படியாவது எடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். கவுன்டரில் நிற்கும் பிள்ளையிடம் கத்தாதீர்கள்; மறுத்தது நான், அந்தப் பெண் இல்லை. கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள், வந்து நின்று பதில் சொல்கிறேன். அன்று அந்தப் பெரியவரிடமும் அப்படித்தான் அரை மணி நேரம் நின்று பேசினேன்.