வலி எந்தக் காலில் என்று ஸ்கேன் எடுக்கும்போதே சொல்லுங்கள்

எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. இடுப்புப் பகுதி முதுகெலும்புப் படங்கள் தினமும் வருகின்றன. கூடவே வரும் சீட்டில் பெரும்பாலும் ‘இடுப்பு வலி’ என்பதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. எந்தக் கால், வலி தொடையோடு நிற்கிறதா, பாதம்வரை இறங்குகிறதா என்பது தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தால், படிக்கிறவர் ‘நான்கு டிஸ்க்கும் போய்விட்டது’ என்று இடிந்துபோகிறார். வேலையை விட்டுவிட்டுப் படுக்கையில் விழுந்தவர்களும் உண்டு.

இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் மையத்தில் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி உறுதியான நார் வளையம். எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். வயது ஏற ஏற நீர் வற்றி டிஸ்க் கறுக்கிறது, வளையம் சுற்றிலும் சற்றுப் பருக்கிறது. இந்தப் பருமன்தான் அறிக்கையில் ‘பல்ஜ்’. ஓரிடத்தில் மட்டும் புடைத்தால் ‘புரோட்ரூஷன்’. கூழ் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் ‘எக்ஸ்ட்ரூஷன்’. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று ஒரே பேச்சுத்தான்.

1994-இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது பல்ஜ் இருந்தது. 27 சதவீதம் பேருக்குப் புரோட்ரூஷன். எக்ஸ்ட்ரூஷன் மட்டும் ஒரு சதவீதம். நரையைப் போலத்தான் பல்ஜும். அது இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை.

லாரி ஓட்டும் ஒருவரின் படத்தைச் சொல்கிறேன். எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே, இடப்பக்கம் பெரிய புடைப்பு. பார்த்த எவரும் அதைத்தான் காரணம் என்பார்கள். அறிக்கை எழுதுமுன் அவரிடமே கேட்டேன். வலி வலக்காலில், கெண்டைக்கால் வழியாக இறங்கிப் பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது என்றார். வலக்காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னேன், முடியவில்லை. அது எஸ்1 நரம்பு வேர், அதாவது முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் தொடக்கம், நசுங்குவதன் அடையாளம். ஒரு மட்டம் கீழே, எல்5-எஸ்1 இடத்தின் குறுக்குவெட்டுப் படங்களை மறுபடி பார்த்தபோது, வலப்பக்கம் சிறிய புடைப்பு ஒன்று அந்த வேரைப் பின்னே தள்ளிக்கொண்டிருந்தது. அதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதினேன். இடப்பக்கத்துப் பெரிய புடைப்பு அவருக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. அறுவை சிகிச்சை வரை போகும் நிலை வந்தால், இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இடுப்பு பிடித்துக்கொண்ட மறுநாளே ஸ்கேன் வேண்டாம். டிஸ்க்கால் வரும் கால் வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே தணியத் தொடங்கும். வெளியே வந்த கூழை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதையும் அடுத்தடுத்த படங்களில் பார்க்கிறோம். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் கால் வலி குறையாவிட்டால், ஊசியோ அறுவை சிகிச்சையோ பேச்சில் இருந்தால், அப்போது எம்.ஆர்.ஐ. அவசியம்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்கு ஓடுங்கள். நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழப்பு நிரந்தரமாகலாம். பாதம் நாளுக்கு நாள் வலுவிழந்தாலும் உடனே போக வேண்டும். காய்ச்சல், எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். முதுகெலும்புக் காசநோயை நம் நாட்டில் இன்னும் பார்க்கிறோம்.

எம்.ஆர்.ஐ. கருவி வலிமையான காந்தம். அதனால் ஸ்கேனுக்கு வரும்போது பேஸ்மேக்கர் இருந்தாலும், வெல்டிங், லேத் வேலையில் எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தாலும் அறைக்குள் நுழையுமுன் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் பழைய படங்களையும் கொண்டுவர வேண்டும். பழைய தழும்பா, டிஸ்க் மறுபடி பிதுங்கியதா என்று பிரித்தறிய அவர்களுக்குப் படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை ஊசியில் செலுத்தியும் படம் எடுக்க வேண்டிவரலாம்.