ஓடியதற்கு மூன்று வருடம்

"சேர், பெடியன் ஆருக்கும் அடிக்கேல்லை. உள்ளுக்கை ஓடினவன், அவ்வளவுதான்."

லண்டனில் என் சட்ட அலுவலகத்துக்கு வந்த தகப்பன் ஒருவர் இப்படித்தான் கதையைத் தொடங்கினார். பக்கத்தில் மகன், 19 வயது, பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். தபாலில் வந்த நீதிமன்றக் கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2023 மே. பருவத்தின் கடைசி ஆட்டம், அவனுடைய கழகம் மேல் பிரிவுக்குப் போகிறது. கடைசி விசில் ஊதியதும் ஆயிரக்கணக்கானோர் புற்றரைக்குள் இறங்கினார்கள். இவனும் இறங்கினான். ஒரு கையில் கழுத்துத் துண்டு, மற்றக் கையில் போன். நாற்பது செக்கன் ஓடினான், யாரோ முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்தான், திரும்பி வந்தான். அன்று இரவே வீடியோவை இணையத்தில் போட்டான். பொலிஸ் விசாரணையில் அவனுக்குப் போட்டுக் காட்டியதும் அதே வீடியோதான்.

தகப்பனுக்கு நம்ப முடியவில்லை. "சென்ட்ரல் - சென்ஜோன்ஸ் பிக் மட்சிலை விக்கெற் விழ விழ நாங்கள் எத்தினை தரம் ஓடியிருப்பம்?" என்றார், யாழ்ப்பாணத்து இரண்டு பள்ளிகளின் கிரிக்கெட் ஆட்டத்தை நினைத்து. நானும் ஓடியவன்தான். அதை அன்று சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குற்றங்கள் சட்டம் மூன்று விடயங்களைக் குற்றமாக்குகிறது: மைதானத்துக்குள் ஏதாவது எறிவது, ஆபாசமாகவோ இனவாதமாகவோ திரும்பத் திரும்பக் கத்துவது, நியாயமான காரணமின்றி ஆடுகளத்துக்குள் இறங்குவது. சந்தோசத்தில் இறங்கினேன் என்பது நியாயமான காரணம் ஆகாது. இந்தக் குற்றங்களுக்குச் சிறை இல்லை, உச்ச அபராதம் 1,000 பவுண். இதைக் கேட்டதும் தகப்பன் பெருமூச்சு விட்டார். "காசுதானே, கட்டுவம்."

அந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பலர் பிழைவிடுகிறார்கள். காசைக் கட்டிவிட்டு வரலாம் என்று சட்டத்தரணி இல்லாமலே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அபராதத்துக்குப் பின்னால் தடையுத்தரவு என்று இன்னொன்று வருகிறது. அதுதான் ஆளைக் கடிப்பது.

1989 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பார்வையாளர் சட்டத்தின் கீழ், இப்படியான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் தடையுத்தரவு போடலாம். உடனடிச் சிறை இல்லையென்றால் குறைந்தது 3 வருடம், கூடியது 5. சிறையும் சேர்ந்தால் 6 முதல் 10 வரை. முக்கியமான ஆட்டங்கள் எதையும் மைதானத்தில் பார்க்க முடியாது. உத்தரவு வந்து ஐந்து நாளுக்குள் பொலிஸ் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இங்கிலாந்து அணி பெரிய தொடரில் ஆடும் காலத்தில் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. 2022 இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். இப்போது தண்டனை உறுதியானால் உத்தரவு போட்டே ஆகவேண்டும், போடுவது அநீதி என்று காட்டக்கூடிய, குற்றத்தையோ ஆளையோ சார்ந்த குறிப்பான சூழ்நிலை ஏதும் இருந்தாலொழிய.

இவ்வளவும் தண்டனை அல்ல, எதிர்காலக் குழப்பத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்று 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடவுச்சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் 19 வயதுப் பெடியனுக்கு அந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்திப் பாருங்கள்.

சரி, இறங்குவதே ஏன் குற்றம்? 2022 மே 17, நொட்டிங்ஹாம். பெனால்ரியில் வென்ற ஃபொரஸ்ட் ரசிகர்கள் இப்படித்தான் சந்தோசமாக இறங்கினார்கள். அன்றைய ஆட்டத்தில் ஆடாமல் கோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்த ஷெஃபீல்ட் யுனைட்டெட் தலைவர் பில்லி ஷார்ப்பை ஒருவன் ஓடிவந்து தலையால் முட்டி விழுத்தினான். 24 வாரச் சிறை, 10 வருடத் தடை. 2019 மார்ச்சில் பேர்மிங்ஹாமில் ஜக் கிரீலிஷ் என்ற வீரரைப் பின்னாலிருந்து கைமுஷ்டியால் குத்தியவனுக்கு அடுத்த நாளே 14 வாரமும் 10 வருடத் தடையும் கிடைத்தன. இவற்றில் எனக்கு மறுபேச்சு இல்லை. நாணயம் எறிகிறவனுக்கும் கறுப்பு வீரரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போடுகிறவனுக்கும் இரங்கி நான் இதை எழுதவில்லை.

என் பிரச்சினை சின்னக் குற்றங்களுக்கான அளவுகோலோடுதான். 2023 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்துக்கு, ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த 97 லிவர்பூல் ரசிகர்களைக் கேலி செய்யும் சட்டையோடு ஒருவர் வந்தார். 1,000 பவுண் அபராதம், 4 வருடத் தடை. கட்டிப்பிடிக்க ஓடிய என் கட்சிக்காரனுக்குக் குறைந்தபட்சமே 3 வருடம். 97 பேரின் சாவை முதுகில் எழுதிக்கொண்டு வந்தவருக்கும் இவனுக்கும் இடையில் ஒரேயொரு வருடம்! நீதவான்கள் இரக்கமில்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். சிறைக்குப் போகாத எல்லோரையும் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் திணிக்கச் சொல்கிறது சட்டம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கீழே ஒரு படி இருந்தால் பாதி வழக்குகளில் எனக்கு வாதாடவே ஒன்றும் இராது.

அப்புறம், யார் மாட்டுகிறார்கள் என்பது. ஆயிரம் பேர் இறங்கினால் ஆயிரம் பேர் மீதும் வழக்கு வராது. முகத்தை மூடிக்கொண்டு புகைவாணம் கொளுத்தியவன் பெரும்பாலும் தப்பிவிடுவான். சொந்தப் பெயரில் பருவச் சீட்டு வாங்கி, சொந்தக் கணக்கில் வீடியோ போட்டவன் அகப்படுவான்.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபோது கூட்டத்தையே தண்டிப்பது இன்னொரு வழக்கம். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஈஎஃப்ஏயின் விதிப்படி, தன் பக்கம் பிழை இல்லாவிட்டாலும் ரசிகர் செய்ததற்குக் கழகமோ நாட்டுச் சங்கமோ பொறுப்பு. 2021 ஜூலை 11, லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த யூரோ தொடரின் இறுதியாட்டத்தில் ஏறக்குறைய 2,000 பேர் ரிக்கெற் இல்லாமல் உள்ளே நுழைந்தார்கள். ஊனமுற்றோர் வாசலைக்கூட விடவில்லை. தீர்ப்பு: இங்கிலாந்துச் சங்கத்துக்கு 1,00,000 யூரோ தண்டம், ஒரு ஆட்டம் ரசிகர் இல்லாமல். ரிக்கெற் இல்லாமல் புகுந்தவனுக்கு அதனால் என்ன நட்டம்? ஒழுங்காகக் காசு கொடுத்து வருகிறவர்தான் வீட்டில் இருந்தார். அதே தொடரில் நடந்த இனவாதக் கூச்சலுக்காக ஹங்கேரியும் மைதானத்தை மூடவேண்டி வந்தது. ஆனால் சிறுவர்களை அனுமதிக்கலாம் என்று விதியில் ஒரு ஓட்டை. 2022 ஜூனில் இங்கிலாந்துக்கு எதிரான 'மூடிய' ஆட்டத்தைப் பார்க்க முப்பதாயிரம் பேருக்கு மேல், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இனவாதத்துக்கு எதிராக முழந்தாளிட்ட இங்கிலாந்து வீரர்களைப் பார்த்து அந்தப் பிள்ளைகளும் கூச்சலிட்டன.

கூட்டத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு லேசு என்பதற்கு அந்த ஹில்ஸ்பரோவே சாட்சி. 1989 ஏப்ரல் 15 இல் நடந்த நெரிசலுக்குக் குடிகார ரசிகர்களே காரணம் என்று பொலிஸ் தரப்பு சொன்னது, பத்திரிகையில் முதற்பக்கத்திலும் வந்தது. ரசிகர்கள் மேல் பிழையில்லை, அது சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை யூரர்கள் சொல்ல 2016 ஆகிவிட்டது.

இப்போது, பிள்ளைகளை ஆட்டத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு. பொலிஸ் "சும்மா வந்து கதைத்துவிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டாலும் அது விசாரணைதான். பொலிஸ் விசாரணையில் சட்டத்தரணி இலவசம், உங்கள் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். எச்சரிக்கையோடு விடுகிறோம், கையெழுத்துப் போடு என்றால் அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான். பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் அதை எழுதவேண்டி வரும். விசாவில் படிக்க வந்த பிள்ளைகள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதானால் வெறுங்கையோடு நீதிமன்றம் போகாதீர்கள். "அநீதி" என்று காட்ட வேண்டிய சுமை நடைமுறையில் உங்கள் தலையில்தான். பயிற்சியாளரின் கடிதம், முழு வீடியோ, முன்குற்றம் இல்லை என்பது எல்லாம் உதவும். கழகம் தானாகப் போடும் தடை வேறு, அதற்கு நீதிமன்றமே தேவையில்லை.

எங்களுக்கு அவ்வளவும் போதவில்லை. அபராதம், மூன்று வருடத் தடை. மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் முடித்துவைக்கக் கேட்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வருடம் தகப்பன் திரும்ப வந்தார். ஜெர்மனியில் யூரோ 2024, கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம். அதே ஜூனில் யாழ்ப்பாணத்தில் பெடியனின் அக்காவுக்குக் கலியாணம். விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்தோம். கலியாண அட்டையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விமான ரிக்கெற்றோடு இணைத்து அனுப்பினோம். அனுமதி கிடைத்தது.

பெடியன் போகும்போது மெதுவாகக் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் தமிழ்க் கழகத்துக்கு விளையாடுவதையும் நிறுத்த வேண்டுமா என்று. அந்த ஆட்டங்கள் தடைக்குள் வராது. பயந்து, ஒரு பருவம் முழுக்க அவன் சப்பாத்தையே தொடவில்லையாம்.